செனையும் கேவியரும்: ருசி என்கிற சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

கேவியர் என்பது மீன் செனை. இந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிட வேண்டும். முடியவில்லை. காளவாசலிலிருந்து கரிமேட்டுப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர் கட்லாவோ ரோகுவோ எடை போட்டு வாங்குகிறார். 'செனையத் தூக்கிப் போட்டுறாதீங்க, தனியா வையுங்க' என்று வெட்டித் தருகிறவரிடம் சொல்கிறார். அதே நாளில் பாரிசிலோ துபாயிலோ ஒரு பெரிய ஓட்டலில், நொறுக்கிய பனிக்கட்டியின் மேல் வைத்த கிண்ணத்தில் முப்பது கிராம் செனை, சிப்பியில் செய்த கரண்டி சகிதம் மேசைக்கு வருகிறது. முதலாவதைச் சாப்பாடு என்கிறோம். இரண்டாவதை 'அனுபவம்' என்கிறார்கள். பெண் மீனின் வயிறு, அதிலுள்ள முட்டை, கொஞ்சம் உப்பு: இரண்டிலும் பொருள் இதுதான். ஒன்று ரசனையாகவும் மற்றது கவிச்சியாகவும் ஆன கதையைப் பார்க்கும் முன்னால், கேவியரை எப்படித் தின்கிறார்கள் என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாத பண்டத்தைத் திட்டுவது நம்மிடையே சுலபமாக நடக்கிற காரியம்.

ஸ்டர்ஜன் என்கிற மீன் குடும்பத்தின் செனையைப் பதப்படுத்தியதுதான் கேவியர். காஸ்பியன் கடல், கருங்கடல், அவற்றில் விழும் ஆறுகள் இதன் பழைய இருப்பிடம். டைனோசர் காலத்திலிருந்து இருக்கிற மீன். உடம்பில் எலும்புத் தகடுகள் வரிசையாக ஓடும். இதில் பெலூகா, ஒசெத்ரா, செவ்ரூகா என்று மூன்று பெயர்கள் பிரசித்தம். பெலூகாவின் முட்டை பெரியது, சாம்பல் நிறம். ஒசெத்ரா பழுப்பிலிருந்து பொன்னிறம் வரை போகும். செவ்ரூகா சின்னது, கறுப்பு, வாசம் தூக்கல். பெலூகா முட்டை வைக்கிற பருவத்துக்கு வரவே பதினைந்து இருபது வருஷம் ஆகிவிடும். விலையில் பாதிக் காரணம் இந்தக் காத்திருப்புதான்.

மீனை அடித்து மயக்கி வயிற்றைக் கீறிச் செனைப் பையை முழுசாக எடுக்கிறார்கள். கண்ணிகள் உள்ள சல்லடையில் வைத்து மெதுவாகத் தேய்க்கப் பை மேலே நின்றுவிடும், முட்டைகள் உதிரியாகக் கீழே விழும். குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, உப்பிட்டு டப்பாவில் அடைக்கிறார்கள். எல்லாம் சில நிமிஷங்களில் நடந்தாக வேண்டும். உப்பிடுகிறவர்தான் இந்தத் தொழிலின் ஆசாரி. எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு உப்பு. ருஷ்ய மொழியில் 'மலோசோல்' என்று டப்பாவின் மேல் போட்டிருந்தால் உப்புக் குறைவு என்று அர்த்தம். உப்பு முட்டைக்குள்ளிருந்து கொஞ்சம் நீரை இழுத்துத் தோலை இறுக்குகிறது. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையில் வைத்து அழுத்தும்போது 'டப்' என்று உடைகிற அந்தச் சின்ன அதிர்ச்சி இந்த இறுக்கத்தால் வருவது. மீன் தானாக முட்டையிடும் நிலைக்கு வந்துவிட்டால் முட்டை இளகிப்போகும். அதற்குச் சற்று முன்னால் எடுத்தாக வேண்டும்.

சாப்பிடும் முறைக்கு ஒரு சடங்கே உண்டு. நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். அடுப்பு காட்டக் கூடாது. வெள்ளிக் கரண்டி ஆகாது, உலோக வாடை ஏறிவிடும் என்பதால் சிப்பி, கொம்பு, எலும்பு இவற்றில் செய்த கரண்டி. (டப்பா மட்டும் தகரத்தில் இருக்கலாம், உள்ளே பூச்சு பூசியிருப்பதால் பாதகமில்லையாம்.) இன்னும் தேர்ந்தவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் கொஞ்சம் வைத்து, உடம்புச் சூடு ஏறட்டும் என்று ஒரு கணம் பொறுத்து, நாவால் எடுக்கிறார்கள். எடுத்த பிறகு கையை மோந்து பார்க்கிறார்கள். மீன் நாற்றம் அடித்தால் சரக்கு மட்டம். பல்லால் கடிக்கக் கூடாது. முதலில் உப்பு, பிறகு வெண்ணெய் மாதிரி ஒரு கொழுப்பு, கடைசியில் கடல், அதற்கும் பின்னால் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறைவு. இந்தக் கடைசிச் சுவைக்கு 1908இல் இக்கேடா என்கிற ஜப்பானிய வேதியியலாளர் 'உமாமி' என்று பெயர் வைத்தார். நம்ம அறுசுவைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. கருவாட்டுக் குழம்பில் காலங்காலமாக இருந்துகொண்டுதான் இருக்கிறது.

வளைகுடாவிலிருந்து வந்த நண்பர் ஒரு முறை கண்ணாடிச் சிமிழ் ஒன்று கொண்டுவந்தார். கருகருவென்று இருந்தது. தொட்டால் விரலில் மை ஒட்டியது. அது ஸ்டர்ஜன் அல்ல, லம்ப் என்கிற வட அட்லாண்டிக் மீனின் செனைக்குச் சாயம் ஏற்றி விற்பது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ரொட்டியில் தடவித் தின்றோம். ஒருவர் சொன்னார்: 'நல்லாத்தான் இருக்கு, வறுத்திருக்கலாம்.'

அந்த 'வறுத்திருக்கலாம்' சும்மா சொன்னதல்ல. அதற்குப் பின்னால் ஒரு முழு முறைமை இருக்கிறது. மதுரைப் பக்கத்துச் சமையலில் செனைக்கு விதிகள் உண்டு, எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். பை கிழியாமல் எடுக்க வேண்டும். கிழிந்தால் அலசும்போதே பாதி போய்விடும். கெட்டியாக இருப்பது வறுவலுக்கு. முற்றி உதிரியாகிவிட்டது எண்ணெயில் சிதறும், அதைப் பொடிமாஸ் போட வேண்டும். வறுக்கிறபோது மூடி போட்டுத்தான் வறுக்க வேண்டும், செனை பட்டாசு மாதிரி வெடிக்கும். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அடிக்கனமான சட்டியில் வைத்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே மாவுப் பதம், கடிக்கையில் மணல் மாதிரி நறநறப்பு. பொடிமாஸுக்குச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு. குழம்பில் போட்டால் புளியைக் குடித்துக்கொண்டு மறுநாள் காலையில் ஒரு பதத்துக்கு வரும். பழைய சோறு இருந்தால் பாக்கியம். (எல்லா மீனின் செனையையும் தின்றுவிட முடியாது. பேத்தை மீன் செனையில் கொல்லும் விஷம் உண்டு, கடற்கரை ஆட்கள் குழந்தைக்கும் இதைச் சொல்லி வைத்திருப்பார்கள்.)

ஆக, இங்கேயும் பருவம் பார்ப்பது இருக்கிறது. பையைத் தொட்டுப் பதம் அறிவது, சூட்டை அளப்பது, வாய்க்குள் நிகழ்வதைக் கவனிப்பது எல்லாம் இருக்கிறது. கேவியர்காரர் புறங்கையை மோந்து பார்ப்பதும், நம்ம வீட்டுப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் அறிவு என்கிற அளவில் ஒரே வகை. ஒன்று புத்தகமாகவும் பாடமாகவும் தேர்வாளர் உத்தியோகமாகவும் ஆகிவிட்டது. மற்றது 'கைப்பக்குவம்' என்ற சொல்லுக்குள் அடைபட்டுவிட்டது. இந்தப் பிரிவினை நாக்கில் நடந்ததல்ல.

கேவியரின் வரலாறே இதற்குச் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றில் ஸ்டர்ஜன் மண்டிக் கிடந்தது. அதன் செனையைப் பன்றிக்குப் போட்டார்கள். 1870களில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அங்கே உப்பிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார்கள். மதுக்கடைகளில் தாகம் எடுக்கட்டும் என்று கேவியரை இலவசமாக வைத்த காலமும் அங்கே இருந்திருக்கிறது. டாஸ்மாக் பாரில் சுண்டல் வைக்கிற அதே தந்திரம். இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் அந்த ஆற்று மீன் தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகு பன்றித் தீவனம் ராஜ போஜனமானது.

ருஷ்யாவின் கதை வேறு மாதிரி. மதுரையில் சோவியத் புத்தகங்களை மலிவு விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். புரட்சிக்குப் பின் கேவியர் அரசின் அந்நியச் செலாவணிச் சரக்கானது. வெளியே முதலாளிகள் தின்ன, உள்ளே அதில் வந்த காசுக்கு எந்திரம் வாங்கினார்கள். 1970இல் வந்த 'பாலைவனத்தின் வெண்சூரியன்' என்கிற சோவியத் படத்தில் காஸ்பியன் கரையில் இருக்கும் பழைய சுங்க அதிகாரி ஒருவர், தினமும் தட்டில் கறுப்புக் கேவியரையே வைக்கும் மனைவியிடம் அலுத்துக்கொண்டு ரொட்டி இல்லையா என்கிறார். கடற்கரை ஊரில் ரொட்டி அபூர்வம், கேவியர் மலிவு. பிரான்சிலோ 1980களில், மித்திரோன் ஆட்சிக் காலத்தில், வசதியான இடதுசாரிகளைக் கேலி செய்ய 'கேவியர் இடது' என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. நமக்கு அப்படி ஒரு சொல் அமையவில்லை. ஆள் இல்லாமலில்லை.

ஈரானில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஷியா மார்க்கச் சட்டப்படி செதிள் உள்ள மீனே உண்ணத் தகுந்தது. ஸ்டர்ஜனுக்குச் செதிள் இல்லை என்று கொள்ளப்பட்டதால் அதுவும் அதன் செனையும் விலக்கு. ஆனால் 1953இல் காஸ்பியன் மீன்வளத்தை நாட்டுடைமையாக்கிய பிறகு கேவியர் அந்த நாட்டின் முக்கியமான ஏற்றுமதி. 1979 புரட்சிக்குப் பின் இந்த முரண் கூர்மையானது. நிபுணர்களும் மார்க்க அறிஞர்களும் மீனை மறுபடி ஆராய்ந்தார்கள், வால் பக்கத்தில் செதிள் இருப்பதாக முடிவானது. 1983இல் கொமெய்னி அனுமதித்துத் தீர்ப்புச் சொன்னார். இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலக்கு என்பது பொருளில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது என்பதை ஒரு சமூகம் பகிரங்கமாக நடத்திக் காட்டிய தருணம் அது. நம்மூரில் எந்தத் தீட்டாவது இப்படிக் குழு போட்டு ஆராயப்பட்டு நீக்கப்பட்டிருக்கிறதா?

இனி ரசனை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஊர் மக்களுக்குப் பிடிக்காமல் போன ஒரு நல்ல நாடகத்தைப் பற்றிப் பேசும்போது அதைக் கேவியரோடு ஒப்பிடுகிறான்: பொதுஜனத்துக்கு அதன் ருசி பிடிபடாது என்கிற பொருளில். நானூறு வருஷங்களுக்கு மேலாக இந்த உவமை ஆங்கில விமர்சனத்தில் புழங்குகிறது. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இது அந்நியமான குரலா என்ன? 'இது எல்லாருக்குமான எழுத்தல்ல' என்று சொல்லும்போதெல்லாம் நாம் அந்த இளவரசனின் நாற்காலியில்தான் உட்காருகிறோம். ரசிகமணி டி.கே.சி.யின் மரபு, க.நா.சு.வின் தரப் பட்டியல்கள், அவற்றை மறுத்து கைலாசபதி முதலானோர் வைத்த வர்க்கப் பார்வை என்று தமிழில் நடந்த சண்டை, ஒரு வகையில் நாக்கைப் பற்றிய சண்டை. 'ரசனை'க்குள் 'ரசம்' இருக்கிறது, 'சுவைஞர்' என்பதற்குள் சுவை இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வெளியே தள்ளிவிட்ட சொல்லாடல் இது.

பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ரசனை பற்றிய பெரிய நூலில், எது பிடிக்கும் என்று ஒருவர் சொல்வது அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பிரெஞ்சு சமூகத்தை ஆராய்ந்து நிறுவினார். வயிறு நிறைய வேண்டும் என்கிற தேவையிலிருந்து விலகி நிற்க முடிந்தவர்களே 'எப்படிப் பரிமாறப்படுகிறது' என்பதில் லயிக்க முடியும். முப்பது கிராம் கேவியருக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. பசிக்காகத் தின்ன முடியாத ஒன்றாக அதை ஆக்கியதிலேயே அதன் மேன்மை அடங்கியிருக்கிறது.

ஆனால் பூர்தியுவை அப்படியே இறக்குமதி செய்து மதுரையில் வைத்தால் ஒரு இடத்தில் இடிக்கும். அவருடைய ஆட்களுக்கு நாக்கும் கண்ணும் முக்கியம். இங்கே முந்தி நிற்பது மூக்கு. காளவாசல், எஸ்.எஸ். காலனி, பைபாஸ் ரோடு என்று வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் 'நீங்க சைவமா?' என்று கேட்பார்கள். அது உணவுப் பழக்கம் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். 'கவிச்சி ஒத்துக்காது' என்பார்கள். 'சுத்த சைவம்' என்கிற தொடரில் அந்தச் 'சுத்தம்' என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால் போதும். கேவியர் உலகத்தில் மீன் நாற்றம் என்பது சரக்கின் குறை. இங்கே அது ஆளின் குறை. செனை வறுக்கிற வாசம் மாடிப்படி ஏறிப்போய் ஒரு குடும்பத்தின் சாதியைச் சொல்லிவிடுகிறது. அதே வீட்டுக்காரரின் பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் ஜப்பானிய விடுதியில் செம்மீன் செனையைச் சோற்றின் மேல் வைத்துப் படம் அனுப்பினால் அது உலக அனுபவம். விலையும் குளிர்ச்சியும் வாசத்தை அடக்கிவிடுகின்றன.

மடவை மீனின் கதையும் இங்கே பொருத்தம். பாக் நீரிணைப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கிற மீன்தான். அதே இனத்தின் செனைப் பையை உப்பிட்டு அழுத்திக் காயவைத்தால் இத்தாலியில் 'பொட்டார்கா', ஜப்பானில் 'கராசுமி'. சீவல் சீவலாக நறுக்கி விற்கிற விலையுயர்ந்த பண்டங்கள் அவை. செய்முறையில் நம்ம கருவாட்டுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

இந்த ஏற்றம் எப்படி நிகழும் என்பதற்கு மதுரையிலேயே கண்முன் ஓர் உதாரணம் உண்டு: அயிரை. விரல் நீள மீன். மணலும் சேறும் கலந்த வாய்க்காலில், கண்மாயில் வாழ்வது. வயல் வேலைக்குப் போனவர்கள் துணியை விரித்து அரித்துக்கொண்டு வந்த மீன் அது. உயிரோடு வாங்கி வந்து தேங்காய்ப் பாலிலோ பசும்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, முழுசாகப் புளிக்குழம்பில் போடுகிறார்கள். தலை, முள், செனை எல்லாம் சேர்த்தே தின்பது. மழை தொடங்கி வயிறு பருத்த செனை அயிரைக்குத் தனி மவுசு. இன்றைக்கு அதன் விலை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மெஸ்களில் கிண்ணக் கணக்கில் பரிமாறப்படுகிறது. வெளியூரிலிருந்து காரில் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். பிடித்தவர்களின் வீட்டில் குழம்பு கொதிப்பதில்லை, விற்றுவிட்டு அரிசி வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். காஸ்பியன் கரைக்காரரின் நிலைமை இதுதான்.

அபூர்வமாவதற்கும் உயர்வாவதற்கும் உள்ள இந்த உறவில் மீன் தோற்றுப்போகிறது. வோல்காகிராத் அணை வந்ததும் பெலூகா முட்டையிடப் போகிற வழியின் பெரும்பகுதி அடைபட்டது. 1991இல் சோவியத் உடைந்தபின் கள்ளப்பிடிப்பு கட்டுக்கு அடங்கவில்லை. 1998 முதல் ஸ்டர்ஜன் வகைகள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்குள் வந்தன. 2022இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மிச்சமிருக்கும் 26 வகைகளுமே அழியும் அபாயத்தில் இருப்பதாக அறிவித்தது. இன்று சந்தையில் இருப்பது பெரும்பாலும் பண்ணைச் சரக்கு, அதில் முன்னால் நிற்பது சீனா. அயிரைக்கு இப்படிச் சர்வதேச உடன்படிக்கை ஒன்றும் கிடையாது. மணல் அள்ளிய ஆற்றில், பூச்சி மருந்து ஓடும் வாய்க்காலில் அது இருக்க இடமில்லை.

செனை தின்றால் வம்சம் அழியுமே என்று கேட்கிற சூழலியல் நண்பர்களுக்கு ஒரு தகவல். நம்ம கண்மாய்களில் மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். தேங்கிய தண்ணீரில் அவற்றுக்குச் செனை பிடிக்கும், ஆனால் முட்டையிடாது. ஓடும் வெள்ளம் வேண்டும். வெள்ளம் வராவிட்டால் அந்தச் செனை உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். 1957 ஜூலையில் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி இவற்றை முட்டையிடவைத்தார். அந்த வழியில் வந்த குஞ்சுகள்தான் இன்றைக்கும் கண்மாய்க்கு வருகின்றன. ஆகவே கண்மாய் ரோகுவின் செனையைத் தின்பதால் ஒரு குஞ்சும் குறைவதில்லை. விராலும் கெண்டையும் அயிரையும் அப்படியல்ல, அவை இங்கேயே பெருகுகிறவை. புதுத்தண்ணி வரும்போது செனையோடு எதிரேறி வருகிறவற்றை மடைவாயில் வைத்து வழிப்பது வேறு கணக்கு. கோடையில் தண்ணீர் வற்றியபின் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவோடு எல்லாரும் இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில், பருவம் பார்த்துக் காத்திருக்கிற ஒரு ஒழுங்கு இருந்தது. குத்தகைக்காரருக்கு அந்த ஒழுங்கு கட்டுப்படியாகாது.

காளவாசல் என்றால் சூளை என்று அர்த்தம். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற இடம். இப்போது சூளை இல்லை, மேம்பாலம் இருக்கிறது, பாலத்தின் இரு பக்கமும் அசைவ ஓட்டல்கள். மாலையில் தோசைக்கல்லின் வாசம் ரோட்டுக்கே வரும், யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் ரோகு செனையாகப் பார்த்துக் கால் கிலோ வாங்கலாம், இன்னும் மலிவுதான். மூடி போட்டு, தீயைக் குறைத்து, சன்னலைச் சாத்திக்கொண்டு வறுக்க வேண்டும். வெடிக்கும் என்பதற்காக மூடி. சன்னல் எதற்கு என்று மாடியில் இருப்பவருக்குத் தெரியும்.